பனிநாட்டில் முதல் குளிர்காலம்: ஜப்பானில் பாடம் நடத்தப் போகிறவருக்கு ஒரு முழு வழிகாட்டி

அக்டோபர் 1-ஆம் தேதி காலையில் பள்ளிக்குள் நுழைந்தால், முந்தின நாள் வரை அரைக்கைச் சட்டையில் திரிந்த பிள்ளைகள் அத்தனை பேரும் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வெளியே நல்ல வெயில். எனக்கு வியர்த்துக் கொட்டியது. பக்கத்து மேசை ஆசிரியரிடம் என்ன விசேஷம் என்று கேட்டேன். "கொரொமோகாயே" என்றார். உடை மாற்றும் நாள். ஜூன் 1 வந்தால் கோடை உடை, அக்டோபர் 1 வந்தால் குளிர்கால உடை. இப்போது பல பள்ளிகளில் சில நாள் முன்னே பின்னே போக விடுகிறார்கள் என்றாலும் வழக்கம் அப்படியேதான் இருக்கிறது. நாள்காட்டியைப் பார்த்து யாராவது குளிர்வார்களா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். டிசம்பரில் என் வீட்டுக் குளியலறையில் ஷாம்பூ புட்டியிலிருந்து வெளியே வர மறுத்தபோது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

நான் வேலை பார்ப்பது நிகாட்டா மாநிலத்தில், மலையடிவாரத்தில் உள்ள ஒரு சின்ன ஊரில். இரண்டு நடுநிலைப் பள்ளி, ஒரு தொடக்கப் பள்ளி. ஆங்கில உதவி ஆசிரியர் வேலை. வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு வரவழைக்க ஜப்பான் அரசு 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் வருகிறவர்களும், தனியார் நிறுவனம் மூலம் வருகிறவர்களும், என்னைப் போல ஊர்க் கல்வி வாரியம் நேரடியாக எடுத்தவர்களும் செய்வது கிட்டத்தட்ட ஒரே வேலைதான். கையெழுத்துப் போடும்போது ஊரின் பெயரை வரைபடத்தில் தேடினேன். அங்கே பனி எவ்வளவு விழும் என்று தேடவில்லை. நீங்கள் தேடிவிடுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்

சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று, ஒப்பீட்டளவில் வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. ஹோன்ஷு தீவின் முதுகெலும்பு போல நிற்கும் மலைகளில் மோதி, மேற்குப் பக்கத்தில் அத்தனையையும் பனியாகக் கொட்டுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் டோக்கியோவில் பளிச்சென்ற நீல வானம். இந்தப் பக்கம் ஜோயெட்சு நகரின் தகாதா பகுதியில் 1945 பிப்ரவரியில் 377 சென்டிமீட்டர் பனி தரையில் கிடந்திருக்கிறது. ஆவோமோரியின் சுகாயுவில் 2013-இல் 566 சென்டிமீட்டர். ஒரு மாடி வீடு காணாமல் போகும் உயரம்.

ஆனால் பயப்பட வேண்டியது அந்தப் பனிக்கு அல்ல. இங்கே வெளியில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே ஊசலாடும். வடக்குத் தீவான ஹொக்கைடோவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. குளிர் உங்களைப் பிடிப்பது வீட்டுக்குள். ஹொக்கைடோவில் இரட்டைக் கண்ணாடி, கனமான சுவர் என்று குளிருக்காகவே வீடு கட்டுகிறார்கள். ஹோன்ஷுவின் பழைய வீடுகளோ கோடையின் புழுக்கத்தை நினைத்துக் கட்டப்பட்டவை. ஒற்றைக் கண்ணாடி, அலுமினியச் சட்டம், காகிதக் கதவு, தரைக்கு அடியில் காற்றோட்டம். ஆசிரியர்களுக்கென்று கல்வி வாரியம் தரும் வீடுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். வாடகை மிகக் குறைவு, ஏன் குறைவு என்பது நவம்பரில் தெரியும்.

வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு இங்கே இல்லை. அதனால் உள்ளூர்க்காரர்கள் வீட்டைச் சூடாக்குவதில்லை, ஒரு அறையைச் சூடாக்குகிறார்கள். அந்த அறையிலும் ஆள் உட்காரும் இடத்தைத்தான். இந்த ஒன்று மனதில் பதிந்தால் கீழே உள்ள எல்லாமே எளிது.

படி 1: அக்டோபரில் வீட்டைச் சோதியுங்கள்

காற்று வீசும் ஒரு இரவில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, ஜன்னல் ஓரங்களிலும் கதவுக்கு அடியிலும் மெதுவாகக் கொண்டுபோங்கள். திரைச்சீலை பக்கம் போகும்போது கவனம். புகை எங்கே வளைகிறதோ அங்கே ஓட்டை. நூறு யென் கடையிலும் கோமேரி போன்ற வீட்டுச் சாமான் கடைகளிலும் இடைவெளி அடைக்கும் பஞ்சுப் பட்டை கிடைக்கும். ஜன்னல் கண்ணாடிக்குக் குமிழ்த்தாள். பொட்டலம் கட்ட வரும், குழந்தைகள் டப் டப்பென்று உடைக்கும் அதே தாள்தான், கொஞ்சம் தடிமனாக விற்கிறார்கள். தண்ணீர் தெளித்து ஒட்டினாலே நிற்கும். அழகாக இருக்காது. வெளியே தெரியப்போவதும் வெள்ளைப் பனிச் சுவர்தான், விடுங்கள்.

திரைச்சீலை தரையைத் தொட வேண்டும். என்னுடையது ஒரு சாண் மேலே நின்றது. அந்த ஒரு சாண் வழியாகக் குளிர் அருவி மாதிரி இறங்கியது. விரிப்புக்கு அடியில் அலுமினியத் தாள் பூசிய பாய் ஒன்று போடுங்கள்.

எந்த அறையில் குளிர்காலத்தைக் கழிப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். சின்ன அறையாக, நடுவில் இருப்பதாகப் பாருங்கள். மற்ற அறைகளை மூடிவிடுங்கள். எனக்கு மூன்று அறை. டிசம்பர் முதல் மார்ச் வரை நான் ஆறு தாதாமி பாய் விரித்த ஓர் அறையில்தான் குடித்தனம்.

அக்டோபரில் இன்னொன்றும் கண்ணில் படும்: சுவரெங்கும் நாற்றப்பூச்சி. அதிகம் வந்தால் அந்த வருடம் பனி அதிகம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். நசுக்காதீர்கள், வீடு நாறும். ஒட்டும் பட்டையில் பிடித்து மடித்துப் போடுங்கள்.

படி 2: மண்ணெண்ணெய்

ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்ற தலைமுறைக்கு அந்த வாசனை பழக்கம்தான். ஜப்பான் மாதிரி ஒரு நாட்டில் அதே வாசனை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இங்கே தோயு என்கிறார்கள்.

வாடகை ஒப்பந்தத்தை முதலில் பாருங்கள். பல அடுக்குமாடி வீடுகளில் மண்ணெண்ணெய் ஹீட்டர் கூடாது. கூடாது என்றால் ஏசியில் உள்ள வெப்பமூட்டும் வசதிதான் கதி. அது மோசமில்லை, ஆனால் கடும் குளிரில் வெளியே உள்ள பெட்டியில் உறைபனி பிடித்து, அதை உருக்குவதற்காக நடுநடுவே நின்றுவிடும். பெட்டியைப் பனி மூடாமல் அவ்வப்போது தள்ளிவிட வேண்டும்.

கூடும் என்றால் இரண்டு ரகம் உண்டு. மின்விசிறி ஹீட்டர் சீக்கிரம் சூடேற்றும், மூன்று மணி நேரத்தில் தானாக அணையும், மின்சாரம் போனால் உதவாது. திரி போட்ட ஸ்டவ் மெதுவாகத்தான் சூடேற்றும், ஆனால் மின்சாரம் வேண்டாம், மேலே கெண்டி வைக்கலாம். பனிநாட்டில் மின்வெட்டு எப்போது வேண்டுமானாலும் வரும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் திரி ஸ்டவ்வைத்தான் சொல்வேன். மின்சாரம் போன இரவில் கெண்டியில் டீ கொதிக்கும் சத்தம் பெரிய துணை.

கேன் 18 லிட்டர். கிழக்கு ஜப்பானில் சிவப்பு, மேற்கில் நீலம். நிரம்பிய கேனில் எண்ணெய் மட்டுமே பதினாலு கிலோவுக்கு மேல். மாடி வீட்டுக்காரர்கள் இரண்டு சிறிய கேனாக வாங்குங்கள். பெட்ரோல் நிலையத்தில் நீங்களே நிரப்பும்போது குழாய்ப் பிடியின் நிறத்தைப் பாருங்கள்: நீலம்தான் மண்ணெண்ணெய். சிவப்பு சாதாரண பெட்ரோல், மஞ்சள் உயர்ரக பெட்ரோல், பச்சை டீசல். எழுத்துப் படிக்க வராத முதல் வருடத்தில் இந்த நான்கு நிறம் உயிர் காக்கும் விஷயம். வாரத்துக்கு ஒருமுறை பாட்டுப் போட்டபடி தெருவுக்கே வண்டி வரும் ஊர்களும் உண்டு. அந்தப் பாட்டு கேட்டால் கேனை வாசலில் வைத்தால் போதும்.

போன வருட எண்ணெய் கேனில் மிச்சம் இருந்தால் ஊற்றாதீர்கள். முன்னால் குடியிருந்தவர் அன்பாக விட்டுப் போயிருப்பார். கோடை முழுக்கக் கிடந்த எண்ணெய் கெட்டு, ஹீட்டரையும் கெடுக்கும். வாங்கிய நிலையத்தில் கேட்டால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், ஜன்னல். மணிக்கு ஒன்றிரண்டு முறை, ஓரிரு நிமிடம் திறந்தே ஆக வேண்டும். இவ்வளவு பாடுபட்டு அடைத்த அறையைத் திறப்பதா என்று மனது கேட்காது. ஹீட்டரிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. தூங்கும் முன் அணைத்துவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

படி 3: உடம்பைச் சூடாக்குவது, இட்லி மாவையும்

கொதாட்சு என்பது தாழ்வான மேசை. அடியில் ஒரு சின்ன ஹீட்டர், மேலே மெத்தை மாதிரி ஒரு போர்வை, அதன் மேல் பலகை. காலை உள்ளே விட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. பழைய பொருள் கடையில் சில ஆயிரம் யென்னுக்குக் கிடைக்கும். போர்வையை மட்டும் புதிதாக வாங்குங்கள். மின்சாரச் செலவும் குறைவு. உள்ளேயே தூங்கிவிடாதீர்கள், தொண்டை வறண்டு, கால் வெந்து, சளி பிடித்து எழுந்திருப்பீர்கள். எல்லாரும் தூங்குவார்கள், எல்லாரும் இதையே சொல்வார்கள்.

படுக்கைக்கு மின்போர்வை. அறை 3 டிகிரியில் இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கலாம்.

உடைக்கு அடுக்குமுறைதான் சரி. உடம்போடு ஒட்டிய வெப்ப உள்ளாடை, மேலே சட்டை, கம்பளி, கடைசியில் காற்றுத் தடுக்கும் மேலாடை. யூனிக்ளோ துணிக்கடையின் ஹீட்டெக் உள்ளாடை இங்கே எல்லாருக்கும் தெரியும். வெளிவேலைக்கு வொர்க்மேன் கடைதான் என் கட்சி: கட்டடத் தொழிலாளிகளுக்கான உடை, விலை மலிவு, நனையாது. காலுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். எங்கள் ஊரில் தலைமையாசிரியரும் கோட்டு சூட்டோடு ரப்பர் பூட்ஸில்தான் வருகிறார். கால் 28 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் உள்ளூர்க் கடையில் கிடைப்பது கஷ்டம். வரும்போதே கொண்டுவாருங்கள்.

கைரோ என்ற சின்னப் பொட்டலத்தை நூற்றுக்கணக்கில் வாங்கி வையுங்கள். உள்ளே இரும்புத் தூள். காற்றுப் பட்டதும் துருவேறிச் சூடாகும், பாதி நாளுக்கு நிற்கும். ஒட்டும் வகையை உள்ளாடைக்கு மேல், இடுப்புக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். நேரே தோலில் ஒட்டினாலோ அதோடு தூங்கினாலோ தெரியாமலே சுட்டுவிடும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பது நமக்குத் தெரிந்த சங்கதிதான். இங்கே அக்டோபரில் உறைவது மே மாதம் வரை உருகாது. வாயகன்ற புட்டியில் வைத்துக் கரண்டியால் எடுங்கள். மாவு விஷயம் அதைவிடச் சிக்கல். சமையலறையில் வைத்தால் மூன்று நாளானாலும் அரைத்தபடியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் வீட்டில் இருக்கும்போது, பாத்திரத்தைத் துண்டில் சுற்றி, கொதாட்சுவைக் குறைந்த சூட்டில் விட்டு, ஹீட்டருக்கு நேர் கீழே வராமல் மூலையில் வைப்பேன். சாயங்காலத்துக்குள் பொங்கிவிடும். ஒருமுறை பொங்கி வழிந்து போர்வைக்குப் போனது. அந்தப் போர்வை வசந்தம் வரைக்கும் புளித்த வாசனையோடு இருந்தது. இரவில் வைக்க வேண்டும் என்றால் ஓவனும் சேர்ந்த ஜப்பானிய மைக்ரோவேவ் அடுப்புகள் பலவற்றில் ரொட்டி மாவு புளிக்கவைக்கும் வசதி இருக்கும்; 30, 35 டிகிரி என்று தேர்ந்தெடுக்கலாம். ஜப்பானுக்கு வந்த எந்தத் தமிழரும் முதல் வாரத்திலேயே கண்டுபிடிக்க வேண்டிய பொத்தான் அதுதான். எனக்கு இரண்டு வருடம் ஆனது.

படி 4: கார் இருந்தால், நவம்பர் 20-க்குள்

கிராமத்தில் கார் இல்லாமல் ஆகாது. பனி டயரோ சங்கிலியோ இல்லாமல் பனிச் சாலையில் ஓட்டுவது ஒகினாவா தவிர எல்லா மாநிலத்திலும் விதிமீறல். ஆணி பதித்த டயர்கள் சாலையைச் சுரண்டித் தூசி கிளப்பியதால் 1990-இல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்திவிட்டார்கள். இப்போது எல்லாரும் போடுவது ஆணியில்லாத மென்மையான ரப்பர் டயர். பழைய கார் வாங்கும்போதே "குளிர்கால டயர் சேர்த்தா?" என்று கேளுங்கள். பள்ளம் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அது குளிருக்கு ஆகாது, பார்ப்பதற்குப் புதிது போல இருந்தாலும்.

முதல் பனி எச்சரிக்கை வந்த அன்று ஊரே டயர் கடை வாசலில் நிற்கும். நவம்பர் தொடக்கத்திலேயே நாள் குறித்துவிடுங்கள். கண்ணாடி கழுவும் திரவத்தை உறையாத வகைக்கு மாற்றுங்கள். காருக்குள் பனித் துடைப்பான், சின்ன மண்வெட்டி, போர்வை, தண்ணீர், பிஸ்கட் வையுங்கள். மிகையாகத் தோன்றுகிறதா? 2020 டிசம்பரில் இதே நிகாட்டாவில் கானெட்சு நெடுஞ்சாலையில் சுமார் 2,100 வண்டிகள் பனியில் சிக்கி, எல்லாம் நகர இரண்டு நாளுக்கு மேல் ஆனது. அப்படிச் சிக்கினால் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளாமல் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகை உள்ளே திரும்பும்.

நிறுத்தும்போது வைப்பரை நிமிர்த்திவிடுங்கள், கை பிரேக்கைப் போடாதீர்கள், உறைந்து பிடித்துக்கொள்ளும். சமதளம் பார்த்து நிறுத்தி, கியரை பார்க்கிங்கில் விட்டால் போதும். பாலத்தின் மேலும் சுரங்கப்பாதை வாயிலும் சாலை ஈரமாக இருப்பது போலத்தான் தெரியும். அது ஈரமல்ல, கண்ணாடி மாதிரி பனிக்கட்டி.

நகரப் பகுதியில் சாலை நடுவே வரிசையாகத் தண்ணீர் பீச்சும். நாகாவோக்காவில் 1960-களில் பிறந்த ஏற்பாடு இது: நிலத்தடி நீர் குளிர்காலத்திலும் பதிமூன்று பதினாலு டிகிரி இருக்கும், அதைத் தெளித்தே பனியைக் கரைக்கிறார்கள். இரும்புச் சத்தால் சாலையெல்லாம் செங்காவியாக இருக்கும். அருமையான யோசனை, நடந்து போகிறவர்களை யாரும் யோசிக்கவில்லை என்பதைத் தவிர. ரப்பர் பூட்ஸ் எதற்கு என்று இப்போது புரியும்.

படி 5: பள்ளியில்

ஆசிரியர் அறை வெதுவெதுப்பாக இருக்கும். வகுப்பறை சுமார். நடைவழியும் உடற்பயிற்சிக் கூடமும் வெளிப்புறத்துக்குச் சமம், சில நாள் அதைவிட மோசம். கூடத்தில் கூட்டம் என்றால் வெறும் தரையில் மெல்லிய உள்காலணியோடு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். உள்காலணியை ஒரு அளவு பெரிதாக வாங்கி, இரண்டு கம்பளிச் சாக்ஸ் போடுங்கள். கொரோனாவுக்குப் பிறகு குளிரிலும் ஜன்னல் திறந்துவைக்கும் பழக்கம் பல பள்ளிகளில் தங்கிவிட்டது. நீங்கள் நடுங்குவீர்கள், அரைக்கால் சட்டை போட்ட இரண்டாம் வகுப்புப் பையன் "குளிருதா சார்?" என்கிற மாதிரி பார்ப்பான். அவர்களுக்கு அது வீரம்.

பாடத்தைக் குளிருக்கு ஏற்ப மாற்றுங்கள். தொடக்கப் பள்ளியில் 45 நிமிடமும், நடுநிலையில் 50 நிமிடமும். முதல் ஐந்து நிமிடம் எழுந்து நடந்து பேசும் விளையாட்டு வைத்தால் அவர்களுக்கும் சூடு, உங்களுக்கும் சூடு. சில்லிட்ட விரலால் எழுதச் சொன்னால் எதுவும் நடக்காது. நடுநிலைப் பள்ளியின் கடைசி வருடமான மூன்றாம் வருடப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நெருங்குவதால் உங்கள் வகுப்புகள் குறையலாம், அதைச் சொந்தக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேர்முகப் பயிற்சிக்கு உதவட்டுமா என்று நீங்களே போய்க் கேளுங்கள்.

இன்ஃபுளூயன்சா பரவினால் அந்த வகுப்பையே சில நாள் மூடிவிடுவார்கள். உங்கள் அட்டவணை காலையில் ஒன்று, மதியம் வேறொன்று. தடுப்பூசி அக்டோபரில் வந்துவிடும். காப்பீட்டில் சேராது, மூவாயிரம் முதல் ஐயாயிரம் யென் வரை கைக்காசு. போட்டுக்கொள்ளுங்கள். சளி, இருமல் என்றால் முகக்கவசம் போடாமல் ஆசிரியர் அறைக்குள் வருவது அநாகரிகம்.

பேச்சுத் தொடங்க இங்கே ஒரு மந்திரம் உண்டு: "சமுய் தெஸ் நே." குளிருது இல்ல, அவ்வளவுதான் அர்த்தம். ஆறு மாதம் என்னிடம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த கணித ஆசிரியர், நான் இதைச் சொன்ன அன்று பத்து நிமிடம் நின்று பேசினார். எந்தக் கடையில் எந்த ஹீட்டர் வாங்கலாம் என்று படம் வரைந்து கொடுத்தார். குளிரைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வது இங்கே புலம்பல் இல்லை, உறவு.

டிசம்பரில் வருட முடிவு விருந்து நடக்கும். தலைக்கு ஐயாயிரம் யென் போல ஆகும். போங்கள், குடிக்கவில்லை என்றாலும் போங்கள். சைவம் என்றால் ஏற்பாடு செய்யும் ஆசிரியரிடம் இரண்டு வாரம் முன்பே "மீனும் வேண்டாம், மீன் சாறும் வேண்டாம்" என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். காய்கறி மட்டும் மிதக்கும் குழம்பும் பெரும்பாலும் மீன் சாற்றில் கொதித்ததுதான். நான் கத்தரிக்காய் வறுவலையும் சோற்றையும் வைத்து ஒப்பேற்றுவேன். அக்டோபரில் வரும் நிகாட்டா புதுநெல் சோறு, வெறுமனே சாப்பிட்டாலே நன்றாக இருக்கும்.

படி 6: நவம்பரில் வரும் வரித்தாள்

அலுப்பான விஷயம், ஆனால் பணம். நவம்பரில் அலுவலகத்தில் வருட முடிவு வரிச் சரிக்கட்டல் தாள் தருவார்கள். ஊரில் உள்ள பெற்றோரை நீங்கள் பராமரிப்பதாகக் காட்டினால் வரி குறையும். 2023 முதல் விதி இறுகிவிட்டது: வெளிநாட்டில் வாழும் உறவினர் 30 முதல் 69 வயதுக்குள் இருந்தால், மாணவர், மாற்றுத்திறனாளி போன்ற விலக்குகள் தவிர, அந்த ஒருவருக்கு வருடத்தில் குறைந்தது 3 லட்சத்து 80 ஆயிரம் யென் அனுப்பியிருக்க வேண்டும். 70 வயதுக்கு மேல் என்றால் அந்தத் தொகை வரம்பு இல்லை, ஆனால் அனுப்பிய சான்று வேண்டும். அப்பா கணக்குக்கு மொத்தமாக அனுப்பிவிட்டு அம்மா பெயரையும் எழுதினால் செல்லாது. அவரவர் பெயருக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். உறவுச் சான்றிதழுக்கு ஜப்பானிய மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும். அக்டோபரில் ஊருக்குப் போன் செய்து பிறப்புச் சான்றிதழைத் தேடச் சொல்லுங்கள். பீரோவின் அடித்தட்டில் இருக்கும் அந்தத் தாள் கிடைக்க ஒரு மாதம் ஆகும்.

படி 7: தண்ணீர்க் குழாய்

முதல் வருடம் புத்தாண்டு விடுமுறைக்கு ஐந்து நாள் நண்பர் வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் சமையலறையில் தண்ணீர் நடந்துகொண்டிருந்தது. குழாய் உறைந்து, வெடித்து, அப்புறம் உருகியிருக்கிறது. தாதாமி பாய் ஊறிப்போய் காளான் வாசனை. தப்பு முழுக்க என்னுடையது. எல்லாரும் சொன்னார்கள், நான் புன்னகைத்துத் தலையாட்டினேன், சொன்னது புரியவில்லை.

வெளியே மைனஸ் 4 டிகிரிக்குக் கீழே போனால் குழாய் உறையலாம். குளிர்ப் பகுதி வீடுகளில் குழாயிலிருந்து தண்ணீரை வடித்துவிட ஒரு வால்வு இருக்கும், பெரும்பாலும் கழிவறை அல்லது கழுவுமிடம் அருகே. அது எங்கே, எப்படித் திருப்புவது என்று வீட்டுக்காரரை நேரில் கூட்டி வந்து காட்டச் சொல்லி, போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வால்வை மூடி, வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் திறந்தால் காற்று புகுந்து தண்ணீர் இறங்கும். கழிவறைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். வால்வு இல்லாத வீடு என்றால், கடும் குளிர் இரவில் குழாயை மெல்லிய நூல் போல ஓடவிடுங்கள். நீர் சூடாக்கும் கருவியின் மின்சாரத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். உறையாமல் காக்கும் ஹீட்டர் அதனுள்ளேயே இருக்கிறது. ஊருக்குப் போகிறோமே என்று நம் வழக்கப்படி மெயினை அணைத்துவிட்டுப் போனால் அதுவும் சேர்ந்து அணையும்.

உறைந்துவிட்டால் கொதிநீர் ஊற்றாதீர்கள், குழாய் பிளக்கும். துண்டைச் சுற்றி வெதுவெதுப்பான நீரை மெதுவாக ஊற்றுங்கள்.

டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை அரசு அலுவலகம் மூடியிருக்கும், மருத்துவர்களும் பெரும்பாலோர் இருக்க மாட்டார்கள். மாத்திரையும் மண்ணெண்ணெயும் பணமும் 28-க்குள் கையில் இருக்கட்டும். அவசரத்துக்கு 119. டிசம்பர் 15 முதல் 25-க்குள் அஞ்சலில் போட்ட புத்தாண்டு அட்டை ஜனவரி 1 அன்று சரியாகப் போய்ச் சேரும், அட்டைக்கு 85 யென். உடன் வேலை செய்கிறவர்களுக்குத் தப்புத் தப்பான கையெழுத்தில் நான்கு வரி எழுதுங்கள். என் தலைமையாசிரியர் நான் எழுதியதைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். ஒரு எழுத்து தலைகீழாக இருக்கிறது.

படி 8: பனி அள்ளுவது

டிசம்பரில் இடி இடித்தால் மழைக்கால நினைவு வரும். இங்கே அதற்குப் பனியை எழுப்பும் இடி என்று பெயர். அன்று இரவு தூங்கும் முன் மண்வெட்டியை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். வெளியில் விட்டால் காலையில் அதைத் தோண்ட இன்னொரு மண்வெட்டி வேண்டும்.

விடிவதற்கு ரொம்ப முன்பே சாலைப் பனியை அகற்றும் வண்டி போகும். சாலை சுத்தமாகிவிடும், உங்கள் வாசலில் இடுப்பளவு கெட்டிப் பனிக் கரை எழும்பியிருக்கும். பள்ளிக்குக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள். தள்ளிக்கொண்டு போகும் பெரிய முறம் போன்ற ஒன்றை மாமாசான் டம்ப் என்று விற்பார்கள், அதை வாங்குங்கள். தூக்காதீர்கள், தள்ளுங்கள். நிகாட்டாப் பனி ஈரமானது. நெல் மூட்டை மாதிரி கனக்கும்.

எங்கே கொட்டுவது என்பதில்தான் ஊர்ச் சண்டை. சாலையில் கொட்டக் கூடாது, பக்கத்து வீட்டு எல்லையிலும் கூடாது. முதல் நாளே பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். நான் அவர் வாசலில் ஒரு தடம் வெட்டிவிடுவேன். அவர் முள்ளங்கியும் சீன முட்டைக்கோசும் காயவைத்த சீமைப்பனிச்சைப் பழமும் கொண்டுவந்து என் படியில் வைத்துவிட்டு, பார்க்காமலே போய்விடுவார். அந்த முள்ளங்கியில் நான் சாம்பார் வைத்துக் கொடுத்தேன். காரம் என்று சொல்லிவிட்டு முழுக்கச் சாப்பிட்டார்.

கூரை மேல் மட்டும் ஏறாதீர்கள். யார் கூப்பிட்டாலும் சரி. ஜப்பானில் பனியால் சாகிறவர்களில் பெரும்பாலோர் பனி அள்ளும்போதுதான் சாகிறார்கள், அதிலும் வயதானவர்கள். கூரையின் ஓரத்துக்குக் கீழே நடக்காதீர்கள். வெயில் வந்த பகலில் மொத்தமாகச் சரியும். நடக்கும்போது சின்ன அடி, பாதம் முழுவதும் பதியட்டும், கையைப் பையில் விடாதீர்கள்.

படி 9: இருட்டு

டிசம்பரில் நாலரைக்குள் இருட்டிவிடும். சூரியனே தெரியாமல் ஒரு வாரம் போகும். நம் தோலுக்கு வைட்டமின் டி உண்டாக்க வெயில் கூடுதலாக வேண்டும். மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுங்கள். வேலை முடிந்து நேரே கொதாட்சுவுக்குள் போய்விட்டால் வெள்ளி இரவு நுழைந்தவர் திங்கள் காலையில்தான் வெளியே வருவார். வாரத்தில் ஒரு சாயங்காலத்தையாவது வெளியே கட்டிப்போடுங்கள். நான் ஊர் மேசைப்பந்துக் குழுவில் சேர்ந்தேன். எல்லாரும் எழுபது வயதுக்காரர்கள், எல்லாரிடமும் தோற்கிறேன். வெந்நீர் ஊற்றுக் குளியலுக்கும் போங்கள். கூச்சம் முதல் ஐந்து நிமிடம்தான். வெளியே பனி கொட்ட, கழுத்து வரை வெந்நீரில் உட்கார்ந்திருப்பது இந்த ஊர் தருகிற மிகப் பெரிய சம்பளம்.

சரியாக இந்த இருட்டின் நடுவில், ஜனவரி வாக்கில், அடுத்த வருடமும் இருக்கிறீர்களா என்று கேட்டு ஒரு தாள் வரும். ஜெட் திட்டத்தில் ஒவ்வொரு வருடமாக ஐந்து வருடம் வரை நீட்டலாம். மற்றவர்களுக்கும் பெரும்பாலும் வருட ஒப்பந்தம்தான். குழாய் வெடித்த வாரத்தில் என் கையில் அந்தத் தாள் வந்தது. வேண்டாம் என்பதில் வட்டம் போடப் பென்சிலை எடுத்துவிட்டேன். பக்கத்து மேசை ஆசிரியர் பார்த்துவிட்டு, கடைசி நாள் எப்போது என்று மட்டும் கேட்டார். இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

அதனால் அந்தத் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை எச்சிகோ யுசாவாவில் புல்லட் ரயில் ஏறுங்கள். 22 கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்குள் வெள்ளையில் நுழைந்து மறுபக்கம் நீலத்தில் வெளியே வருவீர்கள். தகாசாகியில் இறங்கி, வெயில் விழும் ஒரு பெஞ்சைத் தேடி உட்கார்ந்து நிரப்புங்கள். காற்று மட்டும் அங்கே பலமாக அடிக்கும், தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.